ஏழாம் பக்கத்துப் பரவாயில்லை

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அரை நிமிடம் முந்தி வந்திருந்தால் கோகிலவாணி அந்தப் பக்கம் போயிருப்பாள்; போயிருந்தால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பாள்; ஓட்டிக்கொண்டிருந்தால் போனை எடுத்திருக்க மாட்டாள்; எடுக்காமலிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியும் இருக்க மாட்டாள். இப்போது ஸ்கூட்டரின் முன்சக்கரம் சிவப்பு வெள்ளைக் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது, உள்ளங்கையில் போன் சூடாக இருக்கிறது, வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெகதீஷ் கேட்டது இவ்வளவுதான்: "மேடம், ரிப்போர்ட் பிரிண்டுக்குப் போகுது. அந்த ஏழாம் பக்கத்தை மட்டும் எடுத்துடலாம்னு திட்ட அதிகாரி சார் நினைக்கிறார். பரவாயில்லையா மேடம்?" அவள் சொன்னதும் இவ்வளவுதான்: "பரவாயில்லீங்க." அவர் உடனே தேங்க்ஸ் மேடம், தேங்க்ஸ் மேடம் என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாவது தேங்க்ஸ் பாதியில் இருக்கும்போதே வைத்துவிட்டார். இன்று பதினொரு மணிக்குக் கூட்டம். ஊர்க்குரல் என்ற ஆப் வழியாக நகரத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்டார்களே, அது உருப்படியாக நடந்ததா, சொன்னது சொன்னபடி பதிவானதா என்று மதிப்பிட்டு எழுதித் தருவது அவள் வேலை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற டீச்சரை நம்பிக் கொடுத்த வேலை. நான்கு மாதம் அலைந்து எழுதிய அறிக்கையில் உயிர் என்று ஒன்று இருந்தால் அது ஏழாம் பக்கத்தில் இருந்தது. மற்ற பக்கங்களெல்லாம் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எந்த வயதுக்காரர்கள், எந்த வார்டு என்ற சங்கதிகள்; யாரும் படிக்காமல் தலையாட்டக்கூடிய சங்கதிகள். ஏழாம் பக்கம் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியது. அந்த வார்த்தை பரவாயில்லை. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அவள் பரவாயில்லை என்றிருக்கிறாள். சிரிப்புத்தான் வந்தது முதலில். பக்கத்தில் பால் கேன் கட்டிய வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான், மூளைக்கு விஷயம் போவதற்குள் வாய் வேலையை முடித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்த வாய். காலை மிதித்தவனிடம் பரவாயில்லீங்க, மீதிச் சில்லறை இல்லை என்ற கண்டக்டரிடம் பரவாயில்லீங்க, காப்பியில் சர்க்கரை போட மறந்த சம்பந்தி வீட்டில் பரவாயில்லீங்க, இப்படியேதான் நன்றாக இருக்குங்க. எதிரே இருப்பவர் முகம் சுருங்கக் கூடாது. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று பழக்கிய ஊர். ஜெகதீஷ் சென்னையிலிருந்து வந்தவர், ஆப் கம்பெனி அனுப்பிய ஒருங்கிணைப்பாளர், வந்த முதல் மாதத்திலேயே அந்த வார்த்தையின் ருசி கண்டுவிட்டார். எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு பரவாயில்லையாவை ஒட்டிவிடுவார், எதிராளி தானாக மாட்டிக்கொள்வார். வேண்டுமென்று செய்கிறாரா? இல்லை, நல்ல பையன்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆப்பைச் செய்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அதுதானே வம்பு. எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து நான்கு முகம் வரைந்தார்கள்: பல் தெரியச் சிரிக்கிற முகம், வாய் மூடிச் சிரிக்கிற முகம், வாய் நேர்கோடாக இருக்கிற முகம், அழுகிற முகம். கீழே தமிழில் பெயர் போட வேண்டும். ரொம்ப நல்லது, நல்லது என்று வந்தது, நேர்கோட்டு வாய்க்கு எவரோ பரவாயில்லை என்று எழுதினார், அழுகைக்கு வேண்டாம். எழுதியவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவளே எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாள். அப்புறம் கணக்குப் பார்க்கிற இன்னொருவர் முகங்களுக்கு நிறம் கொடுத்தார். முதல் இரண்டும் பச்சை, கடைசி சிவப்பு. நடுவில் இருந்ததற்கு? மறுக்கவில்லையே, அப்படியானால் சம்மதம்தானே என்று இளம்பச்சை. திரையில் பார்த்தால் பச்சையும் இளம்பச்சையும் ஒட்டிக்கொண்டு ஒரே வயல் மாதிரி விரிந்து கிடந்தன. நூற்றுக்கு எழுபத்தொரு பேர் ஆதரவு என்று தலைப்பு. அந்த இளம்பச்சையை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தால் ஆதரவு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். எதற்கு ஆதரவு? இந்த கேட்டை நிரந்தரமாக மூடுவதற்கு.

இதே கேட்டை. அவள் இப்போது நின்றுகொண்டிருக்கிற இதை. இந்தக் கம்பம் போய் இங்கே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வரும், மேம்பாலம் ஒன்று அந்தக் கோடியில் ஏறி இந்தக் கோடியில் இறங்கும், கார்களும் லாரிகளும் நிற்காமல் பறக்கலாம். நல்ல விஷயம்தான், இந்த வெயிலில் நின்று பார்த்தால் அதைவிட நல்ல விஷயம் இல்லை என்றே தோன்றும். ஆனால் நடக்கிறவர்களுக்கு ஒரு சுரங்கப்பாதை முதல் வரைபடத்தில் இருந்தது. இரண்டாவது வரைபடத்தில் காணவில்லை. கேட்டால், மக்கள் யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லையே மேடம், ஆப்பில் எழுபத்தொன்று பச்சை என்றார்கள். பாருங்கள், கேட் போட்ட பிறகும் ஆட்கள் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி, தோளில் சாப்பாட்டுப் பையோடு இரண்டு பேர், சைக்கிளைப் படுக்கவைத்துக் கம்பத்துக்கு அடியில் இழுக்கிற ஒரு பெரியவர். கேட்கீப்பர் கத்துகிறார், தினமும் கத்துகிறவர், அவர்களும் தினமும் போகிறவர்கள். அந்தப் பக்கம் குட்டைமேடு, வீடுகள். இந்தப் பக்கம் பனியன் கம்பெனிகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. சுவர் வந்தால் பாலத்தைச் சுற்றி நடக்க வேண்டும், போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். துளசிமணி நடப்பாளா? அந்தச் சைக்கிள்காரருக்கு அப்பால், இடப்பக்கம் மூன்றாவது வீடு துளசிமணியுடையது, வெளிர் நீலக் கதவு, இங்கிருந்தே தெரிகிறது. அந்தக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் கோகிலவாணி ஏழாம் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அந்த அம்மாள் செக்கிங் டேபிளில் வேலை, பன்னிரண்டு மணி நேரம் நின்று பனியனில் ஓட்டை பார்க்கிற வேலை. மத்தியானம் அரை மணி நேர இடைவேளையில் ஓடி வந்து, படுத்த படுக்கையாக இருக்கிற புருஷனுக்குச் சோறு ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, மறுபடி ஓடுவாள். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் டேப்லெட் திரையை நீட்டி, கேட் மூடினா உங்களுக்கு எப்படி இருக்கும்னு ஒண்ணை அமுத்துங்கக்கா என்றிருக்கிறாள். இவள் நேர்கோட்டு வாயை அமுக்கியிருக்கிறாள். ஏன் துளசிமணி, உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டதற்கு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கீங்க பரவாயில்லை? மத்தியானம் நான் வரலீன்னா எங்கூட்டுக்காரரு ஈரத்துலயே கெடக்கோணும். ஆனா அந்தப் புள்ள வெயில்ல நின்னு வேர்த்து ஊத்திக்கிட்டுக் கேக்குது. நல்லதுன்னா பொய்யாப் போயிரும். வேண்டாமுன்னா அது மொகம் சுருங்கிப் போயிருமுங்க. அதானுங்க பரவாயில்லைன்னு அமுத்துனேன்" என்றாள். அதைக் கேட்டு கோகிலவாணி பேனாவை மூடி வைத்துவிட்டாள். டேப்லெட் பிடித்த பெண்ணின் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி தன் மத்தியானத்தைக் கொடுத்திருக்கிறாள். அதை ஒரு மிஷின் இளம்பச்சையில் சேர்த்திருக்கிறது.

ஜெகதீஷுக்குப் போன் அடித்துப் பார்த்தாள். பிஸி. பிரிண்ட் கடைக்காரரோடுதான் பேசிக்கொண்டிருப்பார். முன்னட்டை என்ன நிறம், பின்னால் ஸ்பைரலா பசையா என்று. ரயில் இன்னும் வரவில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன, இடது பக்கம் முடிந்து வலது பக்கத்திலும் ஏறி ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டன. எதிர்ப்பக்கமும் அதே கதை. திறந்தால் இரண்டு படைகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும், தினமும் நடப்பதுதான். மறுபடி அடிக்கலாமா? என்ன சொல்வது? ஜெகதீஷ், நான் சொன்ன பரவாயில்லை பரவாயில்லை இல்லை என்றா? பைத்தியம் என்று நினைப்பார். யோசித்துப் பார், ஒரு பக்கம்தானே, மீதி அறிக்கை முழுக்க அவளுடையதுதானே, பின்னிணைப்பில் எங்காவது ஒரு வரி சேர்த்துவிடலாம், கூட்டத்தில் யாராவது கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்? முறுக்கும் டீயும் வரும், ஒன்றரை மணிக்கு எல்லாருக்கும் சாப்பாட்டு நினைப்பு வந்துவிடும். இதற்கப்புறம் இன்னும் ஆறு ஊர்களின் ஆப்களை மதிப்பிடுகிற வேலை ஒன்று இருக்கிறது, மேடத்துக்குத்தான் தரணும்னு பேச்சு என்று ஜெகதீஷே சொன்னார். பிரின்ஸ்பால் அதைக் கேட்டதிலிருந்து அவளைக் கண்டால் எழுந்து நிற்காத குறை. அந்த மேடம் சிக்கல் பண்ற ஆளு என்று ஒரு பெயர் வந்துவிட்டால் போயிற்று, பெயர் என்றால் இந்த ஊரில் வண்டி நம்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பயமாகத்தான் இருந்தது. பயமாக இல்லை என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. அதோடு இன்னொரு முள். அவள் சொல்வது சரிதானா? ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறாளா? அவள் தேடிப் போய்ப் பேசியவர்களில் நிஜமாகவே பரவாயில்லை என்ற பொருளில் அமுக்கியவர்களும் இருந்தார்களே. டெய்லர் கடைக்காரர் ஒருவர், மூடினால் மூடட்டும் தாயி, எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் என்று சிரித்தாரே. அவரையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள், மறைக்கவில்லை. அவள் சொன்னது பரவாயில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பதல்ல. அந்த வார்த்தைக்குள் டெய்லரும் இருக்கிறார், துளசிமணியும் இருக்கிறாள், மிஷினுக்கு இரண்டு பேரும் ஒன்று. ஆகவே சுவர் கட்டுவதற்கு முன்னால் குட்டைமேட்டில் ஒருநாள் உட்கார்ந்து நேரில் கேளுங்கள். அவ்வளவுதான் ஏழாம் பக்கம். சுரங்கப்பாதையை மறுபடி வரைபடத்தில் கொண்டுவரக்கூடிய ஒரே பக்கம் அது. அதில் தவறு எங்கே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

மறுபடி அடித்தாள். பிஸி. இந்த வார்த்தையோடு அவளுக்கு இருக்கிற வழக்கு இன்று நேற்றையதா? பெண் பார்க்க வந்த அன்று, டிபன் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பும்போது மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவரிடம், பொண்ணு பரவாயில்லை என்றது காதில் விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க, என்ன பரவாயில்லை, மூக்கா, நிறமா, படிப்பா? எதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகும் செந்தில்நாதன் ரசத்தை உறிஞ்சிவிட்டுப் பரவாயில்லை என்றால் அவள் உதட்டைப் பார்ப்பாள், புருவத்தைப் பார்ப்பாள், இரண்டாம் தரம் ஊற்றிக்கொள்கிறாரா என்று பார்ப்பாள். இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டால் அது பாராட்டு. மோருக்குத் தாவினால் உப்பு இல்லை என்று அர்த்தம். முகம் தெரிய வேண்டும், கை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும், இல்லாமல் இந்த வார்த்தையைப் படிக்கவே முடியாது. பரவா என்றால் கவலை என்று கல்லூரியில் உருது தெரிந்த சகா ஒருவர் சொல்லியிருக்கிறார், கவலை இல்லையாம். கவலை இருக்கிறவர்கள்தானே இங்கே அதைச் சொல்கிறார்கள். அப்பா சொன்னாரே. குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, ஐயா வலி எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, அப்பா கட்டில் கம்பியை வெள்ளை வெளேரென்று பிடித்துக்கொண்டு, பரவாயில்லீங்க டாக்டர் என்றார். நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்போது அம்மா, ஜன்மத்தில் எந்த ஆபீசரையும் எந்த டாக்டரையும் ஏறிட்டுப் பார்த்துப் பேசியிராத அம்மா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போய், "டாக்டரே, நில்லுங்க. அவரு பரவாயில்லைன்னா உசுரு போகுதுன்னு அர்த்தமுங்க. வந்து துணியைத் தூக்கிப் பாருங்க" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்குக் கூச்சம், சும்மாயிரு சும்மாயிரு என்று கையை ஆட்டினார். டாக்டர் வந்து கட்டைத் தூக்கிப் பார்த்தார், தையல் ஓரம் பழுத்திருந்தது. அதற்கப்புறம் அப்பா பதினோரு வருஷம் இருந்தார். அட்டையில் எழுதினது எழுதினதாக இருக்கட்டும் என்று அம்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோகிலவாணி பல தடவை நினைத்திருக்கிறாள். அம்மாவுக்கும் அன்று பயம்தான், அதை அவள் பார்த்தாள். பயந்துகொண்டேதான் போய் டாக்டரை நிறுத்தினாள்.

ரயில் வந்துவிட்டது. சரக்கு வண்டி, பழுப்புப் பெட்டிகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். ஸ்டாண்ட் போட்டிருந்த ஸ்கூட்டர் கூட அதிர்ந்தது. பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பெட்டிகளுக்கு நடுவே நீலக் கதவு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. யாருக்காகவோ இது என்று நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று அவளுக்குத் திடீரென்று உறைத்தது. துளசிமணிக்காகப் பேசுகிறேன், குட்டைமேட்டுக்காகப் பேசுகிறேன் என்று ஒரு தியாகி வேஷம் போட்டுக்கொண்டிருந்தாள் இத்தனை நாளாக. இன்று காலை அவளைத்தானே ஒருவர் கேட்டார்? அவள்தானே பொத்தானை அமுக்கினாள்? படித்தவள், பாடம் நடத்துகிறவள், நான்கு மாதம் அந்த ஒரு வார்த்தையைக் கிழித்துக் காயப்போட்டவள், அவளாலேயே எதிராளியின் முகம் சுருங்குமே என்று விழுங்கத்தான் முடிந்தது என்றால் ரேஷன் கடை வரிசையில் நின்றவளை என்ன சொல்வது? பயம் போய்விடவில்லை. ஆறு ஊர் வேலை போகலாம். பிரின்ஸ்பால் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்தே பேசலாம். போகட்டும். இந்தப் போகட்டும் நிஜமான போகட்டும்தானா என்று ஒரு தரம் சோதித்துப் பார்த்தாள். நிஜம்தான். அடித்தாள். இந்த முறை மணி போயிற்று. கடைசிப் பெட்டி கடந்து, காது இரைச்சலிலிருந்து வெளியே வந்தது.

"சொல்லுங்க மேடம், கேட்ல மாட்டிக்கிட்டீங்களா? கார் அனுப்பவா?"

"கார் வேண்டாங்க. ஏழாம் பக்கத்தை மறுபடி சேர்த்துருங்க."

பின்னால் பிரிண்ட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்... இப்பத்தானே கேட்டேன். நீங்கதானே பரவாயில்லைன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. சொன்னேன். எனக்குச் சம்மதம் இல்லை, ஆனா உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துல நான் எழுதியிருக்கறதே அதைத்தான் ஜெகதீஷ். வேணும்னா என் பேரையும் அந்த உதாரணத்துல சேர்த்துக்கலாம்."

அவர் சிரிப்பாரோ என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சார் ஏதாவது சொல்வார் மேடம். எழுபத்தொண்ணுதான் எல்லாத்துக்கும் ஆதாரம்னு வெச்சிருக்கார்."

"சொல்லட்டும். கூட்டத்துல நான் பதில் சொல்றேன். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கைல என் கையெழுத்து இருக்காதுங்க. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லை, நான்தான் மாத்திச் சொன்னேன்னு சொல்லிக்கங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை மேடம்." மறுபடி மிஷின் சத்தம். யாரையோ நிறுத்தச் சொல்கிறார். "சரி மேடம். பரவாயில்லை."

கேட்கீப்பர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார், கம்பம் இரண்டு தரம் குலுங்கிவிட்டு மெல்ல மேலே கிளம்பியது. பின்னாலிருந்து அத்தனை ஹாரன்களும் ஒன்றாக எழுந்தன. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள்.

"ஜெகதீஷ், பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. பக்கத்தைப் போடறீங்களா, இல்லையா?"

"போடறேன் மேடம்."

"இன்னொரு தரம் சொல்லுங்க, இங்க சத்தமா இருக்கு."

"போடறேன் மேடம்! ஏழாம் பக்கம் போடறேன்!"

அவள் போனைப் பைக்குள் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். எதிர்ப்பக்கத்துப் படை இந்தப் பக்கம் பாய்ந்து வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஒருவரும் நகர முடியவில்லை. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் பின்னால் எடுங்க மேடம் என்று கையைக் காட்டினார். கோகிலவாணி வாயைத் திறந்தாள், அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது, மூடிக்கொண்டாள். பிறகு நிதானமாக, "முடியாதுங்க, நான் அந்தப் பக்கம் போகோணும்" என்றாள்.